கட்டடக்கலைப் பேராசிரியர்: படிப்பு, பணி, ஆராய்ச்சி – வாசகர் கேள்வி பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், கட்டடக்கலை படிப்பது, கற்பிப்பது, ஆராய்வது பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். ‘எந்த காலேஜ் பெஸ்ட்?’ என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்குள் நாங்கள் போகவில்லை.

பிளஸ் டூ படிக்கும் என் மகள், ‘ஆர்க்கிடெக்ட் ஆகி, அப்புறம் காலேஜில் புரொஃபசர் ஆகணும்’ என்கிறாள். மொத்தம் எத்தனை வருஷம் ஆகும்? என்னென்ன பரீட்சை எழுத வேண்டும்?
– ஒரு தந்தை, ஆற்காடு

பி.ஆர்க். 5 ஆண்டு, எம்.ஆர்க். 2 ஆண்டு. இடையில் நிற்காமல் படித்தால் 25 வயதை ஒட்டி இரண்டையும் முடித்துவிடலாம். அதன் பிறகே உதவிப் பேராசிரியர் வேலை. அதற்கு மேலே ஏற முனைவர் பட்டம், அனுபவ ஆண்டுகள், வெளியான கட்டுரைகள் எல்லாம் கணக்கில் வரும். பிஎச்.டி.க்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. கட்டடக்கலைக் கல்வியில் பொறியியல் கல்லூரிகளுக்கான விதிகள் அல்ல, ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் மத்திய அமைப்பான ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் விதிகளே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. ஆகவே ஆசிரியர் தகுதி பற்றிச் சந்தேகம் வந்தால், பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கும் உறவினரிடம் கேட்காதீர்கள். கவுன்சில் விதியையும் அந்தந்த விளம்பரத்தையும் பாருங்கள்.

நுழைவுத் தேர்வில்தான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். தமிழ்நாட்டு பி.ஆர்க். கலந்தாய்வுக்கு நாட்டா (கட்டடக்கலைப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) மதிப்பெண் 200, பிளஸ் டூ மதிப்பெண் 200க்குச் சுருக்கியது, ஆக 400க்கு ரேங்க் போடுவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளிக்கும் இதுதான் வழி. 1957இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு மூத்தது. திருச்சி என்.ஐ.டி.க்கு நாட்டா செல்லாது. ஜேஇஇ மெயினில் 2ஏ தாளை எழுத வேண்டும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். பக்கத்திலேயே வேலூர் விஐடியிலும் கட்டடக்கலைப் பள்ளி இருக்கிறது. நாட்டா, ஜேஇஇ 2ஏ இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

எம்.ஆர்க்.குக்கு கேட் தேர்வில் ‘கட்டடக்கலை மற்றும் திட்டமிடல்’ தாள் உண்டு. அதில் நல்ல மதிப்பெண் எடுத்து தேசிய நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

ஒரு யோசனை: பி.ஆர்க். முடித்ததும் நேரே எம்.ஆர்க். போக வேண்டாம். இரண்டு வருஷமாவது ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கட்டும். கான்கிரீட் போடும் நாளில் சைட்டில் நின்றிராதவர், பிறகு ஸ்டுடியோவில் மாணவரின் வரைபடத்தைப் பார்த்து ‘இது நிற்குமா?’ என்று கேட்கும்போது, அந்தக் கேள்விக்கான விடை அவருக்கே தெரிந்திருக்காது.

சம்பளம் எவ்வளவு என்று நேராகச் சொல்லுங்கள்.
– வாசகர், ராணிப்பேட்டை

ஏழாவது ஊதியக் குழு அளவை முழுதாகப் பின்பற்றும் நிறுவனத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம்: உதவிப் பேராசிரியருக்கு 57,700, இணைப் பேராசிரியருக்கு 1,31,400, பேராசிரியருக்கு 1,44,200 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. சுயநிதிக் கல்லூரிகளில் இதைப் பாதியாக்கிச் சொல்வதும் நடக்கிறது. நியமன ஆணையில் அடிப்படைச் சம்பளம், படிகள், ஆண்டு உயர்வு மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

நான் பி.இ. சிவில், எம்.இ. ஸ்ட்ரக்சுரல். கட்டடக்கலைக் கல்லூரியில் ஆசிரியராகச் சேரலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

சேரலாம். ஸ்ட்ரக்சர்ஸ், கட்டுமானப் பொருட்கள், எஸ்டிமேஷன், சர்வே போன்ற பாடங்களுக்கு சிவில்காரர்கள் தேவை. டிசைன் ஸ்டுடியோவை நடத்துவது மட்டும் பி.ஆர்க். படித்தவர் வேலை. நீங்கள் நடத்தும் வகுப்பிலும் ஒன்றை மாற்ற வேண்டியிருக்கும். பீமின் வளைவுத் திருப்புமையைச் சமன்பாட்டிலிருந்து தொடங்கினால் வகுப்பு தூங்கிவிடும். ஒரு ரப்பர் துண்டில் கோடு போட்டு வளைத்துக் காட்டி, மேலே கோடுகள் நெருங்குவதையும் கீழே விலகுவதையும் பார்க்க வைத்துவிட்டு, கம்பி ஏன் கீழே வருகிறது என்று கேளுங்கள். கணக்கு அப்புறம் வரட்டும்.

பேராசிரியர் என்றால் வாரத்தில் சில மணி நேரம் பாடம், மீதி ஓய்வு என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். உண்மையில் என்ன வேலை?
– உதவிப் பேராசிரியை, சத்துவாச்சாரி

கட்டடக்கலையில் ஸ்டுடியோ என்பது தொடர்ந்து மூன்று, நான்கு மணி நேரம் ஓடும் வகுப்பு. ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் 15 பேருக்கு இரண்டரை மணி நேரம் போய்விடும். ஆசிரியர் மேசை மேசையாகப் போய், அடியில் உள்ளது தெரியும் பட்டர் பேப்பரை மாணவரின் தாளின்மேல் விரித்து, தன் கோட்டை அதன்மேல் போட்டுக் காட்டுவார். மாணவரின் மூலத் தாளில் ஆசிரியர் பேனா வைக்கக் கூடாது. வைத்தால் அதற்குப் பிறகு அது ஆசிரியரின் டிசைன் ஆகிவிடும். பருவக் கடைசியில் வெளியாட்களைக் கூப்பிட்டு மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரி. இவை போக, வொர்க்கிங் டிராயிங் திருத்தம், சைட் விசிட், தீசிஸ் வழிகாட்டல்.

வெளியாருக்குத் தெரியாத பெரிய வேலை, புராஜெக்ட் எழுதுவது. ‘மண்டித் தெருவில் ஒரு மார்க்கெட்’ என்று ஒரு வரியில் கொடுத்தால் கணினியில் அழகான படங்கள்தான் வரும். மனை அளவு, லாரி சரக்கு இறக்கும் நேரம், எத்தனை கடை, ஒரு கடைக்கு எத்தனை சதுர அடி, குப்பை எங்கே சேரும், மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால்தான் மாணவர் யோசிப்பார். அந்த இரண்டு பக்கத்துக்கு ஆசிரியர் முதலில் தெருவில் நின்று அளந்திருக்க வேண்டும்.

‘வேலூரில் நீடித்த கட்டடக்கலை’ என்று ஆய்வுத் தலைப்பு கொடுத்தேன். வழிகாட்டி மூன்று முறை திருப்பிவிட்டார். சிறிய தலைப்பு என்றால் என்ன அர்த்தம்? எங்கள் ஊர் நெசவாளர் வீடுகளைப் பற்றி ஏதாவது செய்ய ஆசை.
– எம்.ஆர்க். மாணவி, குடியாத்தம்

வழிகாட்டி செய்தது சரி. அந்தத் தலைப்பில் எதை அளப்பது என்றே தெரியவில்லை. தலைப்பில் நான்கு விஷயம் அடங்க வேண்டும்: எந்த வகைக் கட்டடம், எந்த ஒரு அளவு, எந்தப் பருவம், எத்தனை வீடு. உங்கள் ஆசையையே எடுத்துக்கொண்டால், ‘குடியாத்தம் குழித்தறி வீடுகளில், தறியின் துணி மட்டத்தில் கிடைக்கும் பகல் வெளிச்சம், பத்து வீடுகள், கோடையும் மழைக்காலமும்’ என்று எழுதலாம். இது ஆய்வு. வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் நாளையே தொடங்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளிச்ச ஆய்வுகளில் வழக்கமாக மேசை மட்டத்தில், தரையிலிருந்து 75 அல்லது 80 செ.மீ. உயரத்தில், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைப்பார்கள். குழித்தறியில் நெசவாளர் காலைக் குழிக்குள் விட்டுத் தரையோடு உட்கார்கிறார். பாவும் (நீள இழைகள்) துணியும் மேசைக்கு வெகு கீழே ஓடுகின்றன. மேசை மட்டத்தில் எடுத்த எண்ணுக்கும் அவர் கண் பார்க்கும் இழைக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே முதலில் ஒவ்வொரு தறியிலும் துணியின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, மீட்டரை அங்கே வையுங்கள். துணியின் அகலத்தில் மூன்று புள்ளி, நெசவாளர் உட்காரும் இடத்தில் ஒன்று, பாவு நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்று. காலை 9, நண்பகல் 12, மாலை 3 என மூன்று வேளை.

உள்ளே ஒரு மீட்டர், வெளியே மறைப்பில்லாத மொட்டைமாடியில் இன்னொரு மீட்டர், இரண்டையும் ஒரே நிமிடத்தில் படிக்க வேண்டும். ஒரே மீட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினால், அதற்குள் ஒரு மேகம் போய் எண் பாதியாகியிருக்கும். உள் வெளிச்சத்தை வெளி வெளிச்சத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் பகல் வெளிச்ச விகிதம். இந்தியத் தரக் குறிப்புகள் வெளியே 8,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. அதன்படி 1 சதவீதம் என்றால் 80 லக்ஸ். நேர் வெயில் உள்ளே விழும் புள்ளிகளைத் தனிப் பட்டியலாக வையுங்கள். சராசரியில் கலந்தால் இருட்டு வீடும் பிரகாசமாகத் தெரியும்.

அளப்பவரும் பிழை செய்யலாம். மீட்டர்மேல் குனிந்து பார்த்தால் உங்கள் நிழல் விழும். வெள்ளைச் சட்டை போட்டு அருகில் நின்றால் எண் கூடும். சென்சாரும் திரையும் ஒயரில் பிரிந்திருக்கும் மீட்டராக வாங்கி, ஓரடி தள்ளி உட்கார்ந்து படியுங்கள். தறி மேலே தொங்கும் டியூப்லைட்டை அணைக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன், அவருடைய கூலி கெடாத நேரமா என்று பாருங்கள். மனிதர்களிடம் கேள்வி கேட்கும் ஆய்வு என்பதால் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் வீடு குளிரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதையே ஆய்வாக எடு என்கிறார் என் வழிகாட்டி. இதில் ஆராய என்ன இருக்கிறது? ‘அடிப்பதற்கு முன், அடித்த பின்’ என்று இரண்டு எண் போதாதா?
– எம்.ஆர்க். மாணவர், வாலாஜாபேட்டை

போதாது. சுண்ணாம்பு அடித்த வாரத்தில் வானமும் மூடியிருந்தால்? குறைந்த சூட்டில் பாதி மேகத்தால், பாதி சுண்ணாம்பால் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அதற்குத்தான் ஒப்பீட்டு அறை. ஒரே தளத்தில், ஒரே அளவில், ஒரே திசை பார்த்த இரண்டு அறைகளைப் பிடியுங்கள். முதல் இரண்டு வாரம் எதையும் செய்யாமல் இரண்டையும் அளவெடுங்கள். இரண்டுக்கும் எப்படியும் ஒரு வித்தியாசம் இருக்கும், 0.6 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஓர் அறையின் மேல் மட்டும் சுண்ணாம்பு அடித்து, மேலும் மூன்று நான்கு வாரம் அளவெடுங்கள். இப்போதைய வித்தியாசத்திலிருந்து பழைய 0.6ஐக் கழித்து மிஞ்சுவதுதான் சுண்ணாம்பின் வேலை.

கருவி விஷயத்தில் கறாராக இருங்கள். சூட்டைத் தானே பதிவு செய்யும் டேட்டா லாகர்களில், சந்தையில் கிடைக்கும் பல அரை டிகிரி முன்னே பின்னே காட்டக்கூடியவை. நீங்கள் தேடும் மாற்றமே ஒன்றிரண்டு டிகிரிதான் என்றால், இது சின்ன விஷயமில்லை. எல்லா லாகரையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு 24 மணி நேரம் ஓடவிட்டு, எது எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்று எழுதிவையுங்கள். ஆய்வு முடிந்தபின் இன்னொரு முறை அதே பெட்டி. பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். ஒரு நாளைக்கு 144, முப்பது நாளைக்கு 4,320 எண் வரும்.

லாகரை அறையின் நடுவில், உட்கார்ந்தவர் தலை உயரமான 1.1 மீட்டரில் தொங்கவிடுங்கள். சுவரில் ஆணி அடித்து மாட்டினால் சுவரின் சூட்டைச் சொல்லும். ஃப்ரிட்ஜின் பின்புறம், டி.வி. மேல், ஜன்னல் வெயில் படும் இடம் எல்லாம் கூடாது. சீலிங்கின் அடிப்பரப்புக்குத் தனியாக ஒரு தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி), அலுமினிய டேப்பால் ஒட்டியது. வெளிக்காற்றின் சூட்டை மொட்டைமாடித் தரையில் வைத்து அளக்காதீர்கள், தளம் கக்கும் சூடு அதில் கலந்துவிடும். நிழலும் காற்றோட்டமும் உள்ள வெள்ளைப் பெட்டியில், மண் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வையுங்கள்.

மேற்கூரை, சுவர் வீசும் கதிர்ச்சூட்டை அறிய குளோப் தெர்மாமீட்டர் வேண்டும். 150 மி.மீ. கறுப்புச் செம்பு உருண்டைதான் தரம். அது நிலைப்பட இருபது நிமிடம் போல ஆகும். கையில் காசு இல்லாதவர்கள் 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்துக்குக் கறுப்பு மேட் பெயின்ட் அடித்து, உள்ளே சென்சாரை நுழைத்துப் பயன்படுத்துகிறார்கள். செய்யலாம். ஆனால் விட்டம் மாறினால் சூத்திரத்தில் எண் மாறும், அதையும் மாற்றிப் போட வேண்டும்.

மேல்மாடி வீட்டில் பகலைவிட ராத்திரி ஏன் புழுங்குகிறது என்பதும் இந்த அளவுகளில் தெரியும். 12 செ.மீ. கான்கிரீட் தளத்தைச் சூடு தாண்டிவர ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். தளத்தின் மேல்பக்கம் பிற்பகல் ஒன்றரை மணிக்கு உச்சத்தைத் தொட்டால், சீலிங் நாலரை மணியை ஒட்டி உச்சம் தொடும். சேர்ந்த சூடு படுக்கும் நேரம்வரை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மட்டும் போய் அளந்துவிட்டு வந்தவர்களின் முடிவு தப்பாகப் போவது இதனால்தான்.

கூரையின் குறுக்கு வெட்டைக் கட்டாயம் வரையுங்கள். பழைய வீட்டில் தளத்துக்கு மேல் செங்கல் ஜெல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட், அதன்மேல் தட்டோடு இருக்கும். பொதுப்பணித் துறைக் கணக்கில் அந்தக் கான்கிரீட் 32 பங்கு செங்கல் ஜெல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு. மணலே கிடையாது, மரத்தட்டியால் அடித்து இறுக்க வேண்டும். அப்படிப்பட்ட கூரையில் சுண்ணாம்பின் பலன் குறைவாகத்தான் தெரியும். வெறும் தளத்தில் நன்றாகத் தெரியும். குறுக்கு வெட்டு இல்லாத ஆய்வை வேறொருவர் ஒப்பிடவே முடியாது.

சுண்ணாம்புக் கலவை: ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர், ஒரு நாள் ஊறல், துணியில் வடிகட்டல், வெந்நீரில் கரைத்த பசை கொஞ்சம், மூன்று கோட். நீற்றும்போது கொதிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மார்ச் முதல் மே வரை ஆய்வை வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். எவ்வளவு கழுவிப் போகிறது என்பதும் ஒரு நல்ல கேள்விதான், அது அடுத்த மாணவருக்கு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் இயற்கைக் காற்றோட்டமுள்ள அலுவலகங்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு: வெளிக்காற்றின் முப்பது நாள் ஓடும் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83 கூட்டினால், மனிதர்களுக்கு இதமான அறைச் சூடு. சராசரி 32 டிகிரி என்றால் விடை 30.1. பலரும் இதை அப்படியே வீட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். அது அலுவலக ஆட்களிடம் எடுத்த கணக்கு. பனியனும் லுங்கியுமாக, மின்விசிறிக்குக் கீழே பாயில் படுத்திருப்பவருக்கு அது பொருந்துமா என்பதை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

எல்லா ஜன்னலுக்கும் இரண்டடி சன்ஷேட் போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. ஆர்க்கிடெக்சர் படிக்கும் என் தம்பி மகன், மேற்கில் அது வீண் என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, வாணியம்பாடி

உங்கள் தம்பி மகன். வேலூர் வட்டாரம் ஏறக்குறைய 12.9 டிகிரி வடக்கே இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 53½ டிகிரி உயரத்தில் நிற்கும். ஜூன் 21இல் வடக்கே சாய்ந்து 79½ டிகிரியில். நான்கடி ஜன்னல் தெற்கே இருந்தால், இரண்டடி சன்ஷேட் பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை நண்பகல் வெயிலை முழுதும் தடுக்கும். மற்ற மாதங்களில் கொஞ்சம் வெயில் வந்தால் வரட்டும். வடக்குக்கு ஓரடியே ஜாஸ்தி.

மேற்கில் கதை வேறு. ஏப்ரலில் மாலை நாலு மணி சுமாருக்கு சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில், 31 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்த நான்கடி ஜன்னலை அப்போது மறைக்க ஆறரை அடி சன்ஷேட் வேண்டும். யாரும் போட மாட்டார்கள். மேற்கில் ஜன்னலைச் சிறிதாக்குங்கள், வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள், முடிந்தால் கழிப்பறை, மாடிப்படி, ஸ்டோர் ரூமை அந்தப் பக்கம் தள்ளுங்கள். திரைச்சீலை உள்ளே போடுவதால் பெரிய பிரயோஜனம் இல்லை. கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை மாணவர்களைக் கொண்டு அளந்து வரைய நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?
– உதவிப் பேராசிரியர், வேலூர்

அனுமதியில் தொடங்குங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கோயிலில் 1981 முதல் மறுபடி வழிபாடும் நடக்கிறது. இரு தரப்பிலும் எழுத்தில் கேளுங்கள். சாரம், டிரைபாட், டிரோன் எதைக் கொண்டுபோவதாக இருந்தாலும் கடிதத்தில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கல்லில் சாக்பீஸ் குறி, ஒட்டும் டேப், எண்ணெய்ப் படி எதுவும் கூடாது என்று மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எந்த அளவுகோலில் வரையப் போகிறீர்கள் என்பதை அளப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். 1:50 வரைபடத்தில் கால் மி.மீ. பேனாக் கோடு நிஜத்தில் 12½ மி.மீ. தடிமன். ஆகவே தரைப்படத்துக்கு செ.மீ. துல்லியம் போதும், மாணவர்கள் மி.மீ. கணக்கில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே நேரம் மண்டபத்தின் அடிப்பீடமான அதிஷ்டானத்தின் ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை வரிசையை 1:5இல் வரைவதானால் கோடு 1¼ மி.மீ.தான். அங்கே பல் சீப்பு மாதிரி நகரும் ஊசிகள் உள்ள புரொஃபைல் கேஜ் வேண்டும்.

தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்து கூட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் அரை செ.மீ. பிசகினால் பத்து இடைவெளி தாண்டும்போது ஐந்து செ.மீ. போயிருக்கும். ஒரு முனையில் ஸ்டீல் டேப்பைப் பிடித்து, அதை நகர்த்தாமல் ஒவ்வொரு தூணின் இரு விளிம்பையும் ஓடும் அளவாகக் குறியுங்கள். துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். மூலைவிட்டம் இரண்டையும் எடுங்கள்: 4 மீட்டர், 3 மீட்டர் கட்டத்தில் இரண்டுமே 5.00 வந்தால் மூலைகள் சரி, ஒன்று 5.06, மற்றது 4.94 என்றால் கட்டம் சாய்ந்திருக்கிறது. ஒரே ஒரு மூலைவிட்டத்தை எடுத்து வந்துவிட்டு, கணினியில் எல்லாவற்றையும் நேராக்கிவிடும் பழக்கம்தான் இந்த வேலையின் சாபக்கேடு. கட்டியவர் விட்ட கோணல்கூட தகவல்தான்.

உயரத்துக்குத் தரையை ஆதாரமாக வைக்காதீர்கள். கல்தரை நீர் வடிய சாய்த்துப் போடப்பட்டிருக்கும், தேய்ந்தும் இருக்கும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் எல்லாத் தூணுக்கும் ஒரே மட்டக் கோட்டை நூலில் கட்டி, அங்கிருந்து மேலும் கீழும் அளவெடுங்கள். குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இரு முனையையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். பாதிக் குழாய் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் மட்டம் சிறிது பிசகும். யாளித் தூண்களை டேப்பால் அளக்க முடியாது. ஒன்றன்மேல் ஒன்று 70 சதவீதம் படியும்படி சுற்றிலும் படம் எடுத்து, அருகில் ஓர் அளவுக்கோலை நிறுத்தி, மென்பொருளில் சேர்ப்பதே வழி. ஃபிளாஷ் வேண்டாம், காலை எட்டு மணிச் சாய்வெளிச்சமே போதும்.

இதோடு சேர்ந்த ஒரு கேள்வி, கோட்டைக்கு அருகில் குடியிருக்கும் ஒருவரிடமிருந்து: தங்கள் வீட்டை ஏன் இடித்துக் கட்ட முடியவில்லை? பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 2010 திருத்தச் சட்டம் சொல்வது இது. தடைப் பகுதியிலும் இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம்.

‘உங்கள் கட்டுரையை ஏழு நாளில் வெளியிடுகிறோம்’ என்று தினமும் மெயில் வருகிறது. பணம் கட்டலாமா?
– உதவிப் பேராசிரியை, ஆம்பூர்

கட்டாதீர்கள். ஏழு நாளில் இரண்டு நிபுணர்கள் படித்துத் திருத்தம் சொல்லி, நீங்கள் திருத்தி அனுப்பி, அச்சாவது நடக்காத காரியம். தரமான ஆய்விதழ்களுக்கு இருந்த யுஜிசி-கேர் பட்டியலையும் 2025இல் கைவிட்டுவிட்டார்கள். இனி எது தரமான இதழ் என்று நிறுவனமும் நீங்களும்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர்கள் இந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். ஆய்விதழ்த் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருப்பதாகச் சொன்னால் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் தேடுங்கள், இதழ் தன் முகப்பில் ஒட்டிய முத்திரையை நம்பாதீர்கள். பழைய இதழ் ஒன்றைத் திறந்து, கட்டடக்கலைக் கட்டுரைக்குப் பக்கத்தில் மீன் வளர்ப்பும் வங்கி நிர்வாகமும் இருந்தால் மூடிவிடுங்கள்.

பிறர் எழுத்தோடு ஒப்பிடும் ஒற்றுமைச் சோதனையில் 10 சதவீதம் வரை யுஜிசி விதி கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்தப் பத்தும் உங்கள் முடிவுரையில் இருந்தால் மானம் போகும்.

பேராசிரியராக இருந்துகொண்டே ஆராய்ச்சியால் பெயர் வாங்கிய கட்டடக்கலைஞர்கள் யார்? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.
– ஆசிரியர், ஆரணி

மூவரைச் சொல்லலாம். பாலகிருஷ்ண தோஷி 1962இல் அகமதாபாத்தில் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார், 2018இல் கட்டடக்கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கர் பெற்ற முதல் இந்தியர். அவருடைய இந்தூர் ஆரண்யா குடியிருப்பு ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்டது. ஏழைக் குடும்பம் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் கட்டி ஏற்றுகிறது என்பதைப் பார்த்துப் போட்ட திட்டம். ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், பெர்லினிலிருந்து வந்து மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்தவர்; பிறகு லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக்கலையை ஒரு படிப்பாகவே ஆக்கினார். சூரியக் கோணம், காற்றுத் திசை என்று நாம் இன்று வகுப்பில் நடத்துவதில் அவர் கை நிறைய இருக்கிறது. மூன்றாமவர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர்: அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியர், 2022இல் காலமானார். இளமையில் குஜராத் கிராமம் ஒன்றில் தங்கி, அந்த ஊரின் தேவைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, எது எதோடு மோதுகிறது என்று கணக்காக வகுத்தார். மாணவர்களுக்குச் சொல்வதானால் அவர்கள் பெற்ற பரிசுகளைவிட இந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லுங்கள். ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூருக்குப் போய் அதையே செய்து பார்க்கச் சொல்லலாம்.

பேராசிரியர் தனியாக வீட்டு பிளான் போட்டுத் தரலாமா? கையெழுத்து செல்லுமா?
– வாசகர், காட்பாடி

கவுன்சிலில் பதிவு இருந்து, அதைப் புதுப்பித்திருந்தால்தான் தன்னை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொள்ளவே முடியும். 1972 சட்டத்தின் 37ஆம் பிரிவு அது. பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சில் இணையதளத்தில் சரிபாருங்கள். தனித் தொழில் செய்ய அவருக்குக் கல்லூரியின் அனுமதி வேண்டும். பல இடங்களில் கல்லூரி வழியாக ஆலோசனைப் பணியாகக் கொடுத்து, கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். மாநகராட்சியில் வரைபடம் சமர்ப்பிக்க உள்ளாட்சியிலும் தனிப் பதிவு கேட்பார்கள், அதையும் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பருவத் தேர்வு மாதங்களில் அவரிடம் அவசர வேலை கொடுத்தால் தாமதமாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.